பெயர் தெரியாத மரம்

"பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா செடி கொடி எல்லாம்?" இப்படி ஒரு பதிவு எழுதப் போகிறேன் என்றதும் என் பெஞ்ச் நண்பன் கேட்ட முதல் கேள்வி இது. நியாயம்தான். பத்தாம் வகுப்போடு தாவரவியலுக்கு டாட்டா சொன்னவன் நான். ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2011 டிசம்பர் 30. தானே புயல் புதுச்சேரியைப் புரட்டிப் போட்ட நாள். எனக்கு அப்போது ஏழு வயது. விடிந்ததும் பார்த்தால் எங்கள் தெருமுனை மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் நிழலில்தான் ஸ்கூல் வேனுக்கு நிற்போம். அதன் செம்பு நிறக் காய்களை வைத்துத்தான் கத்திச் சண்டை போடுவோம். கொஞ்ச காலம் கழித்து, அதே மரத்தை அங்கே மறுபடி நடலாம் என்று தெருவில் பேச்சு வந்தது. என்ன மரம் அது? யாருக்கும் தெரியவில்லை! "பெரிய மரம்பா, மஞ்சளா பூ பூக்கும்." அவ்வளவுதான். அந்தப் பேச்சும் அப்படியே நின்றுபோனது.

தாவர வகைப்பாடு என்றால் வாயில் நுழையாத லத்தீன் பெயர்கள், இரண்டு மார்க் கேள்வி என்றுதான் நமக்குப் பழக்கம். என்னைக் கேட்டால், புது ஆளைப் பார்த்ததும் நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்களே, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று, அதே கேள்விதான் இது. செடியிடம் கேட்கிறோம், அவ்வளவே. 1753-ல் ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைத்தார். முதல் சொல் பேரினம், இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சிற்றினம். நம் லெட்ஜரில் தலைப்பு போட்டுக் கணக்கை ஒழுங்குபடுத்துகிற மாதிரி.

அவருக்கு ரொம்ப முன்பே தொல்காப்பியர் மரபியலில் ஒரு கோடு போட்டுவிட்டார். வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். அதன்படி பனையும் தென்னையும் புல்! சிரிக்காதீர்கள். இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, மூங்கில், நெல் எல்லாவற்றையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பக்கம்தான் வைக்கிறது. அதற்காக, எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டுபிடித்தோம் என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். விதையிலை ஒன்றா இரண்டா என்று பார்த்துப் பிரிப்பது 17-ம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் நிலைநிறுத்திய முறை. இவர் பார்த்தது தண்டை, அவர் பார்த்தது விதையை. இரண்டு பேரும் உற்றுப் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். நாம்கூட தென்னை 'ஓலை', மா 'இலை' என்று மாறாமல் சொல்கிறோம். மொழிக்குள் இருக்கிற வகைப்பாடு அது. கண்தான் மறந்துவிட்டது.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். கறிவேப்பிலையும் வேப்பிலையும் அண்ணன் தம்பி என்று நினைத்திருந்தேன். இல்லையாம்! வேம்பு மகோகனியின் குடும்பம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். நம் மாநில மரமான வில்வமும் அதே எலுமிச்சைக் குடும்பம்தான். ஒரு கறிவேப்பிலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவது எண்ணெய்ச் சுரப்பிகள், அந்தக் குடும்பத்தின் அடையாளம். நம் மாநில மலர் நாகலிங்கம். கோயில் மரம் என்பதால் ஆதிகாலத்திலிருந்தே நம்முடையது என்று நினைப்போம். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1775-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்த ஓப்லே ஒரு பிரெஞ்சுக்காரர். அந்தப் பெயரிலேயே கயானா என்ற ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்கா நம் ஊரில் இருக்கிறது. உலர்த்திய செடிகளை வகைப்படுத்திப் பாதுகாக்கும் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டும் இருக்கிறது. ஆனால் பூங்காவுக்கு நாம் போவது செல்ஃபி எடுக்கத்தான். (நானும்தான்.)

போன வருடம் அப்படிப் போனபோது, கீழே கிடந்த செம்பு நிறக் காய் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் 'கத்தி'! அங்கே வேலை செய்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "இயல்வாகை தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவரை, துவரை, புளி எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். பதிமூன்று வருடத்துக்குப் பிறகு அந்த மரத்துக்குப் பெயர் கிடைத்தது.

பெயர் தெரியாத மரம் விழுந்தால், விழுந்தது என்ன என்றுகூட நமக்குத் தெரியாது. மறுபடி நடவும் முடியாது. அதனால் இந்தப் பாடம் தாவரவியல் மாணவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கக்கூடாது என்பது என் கருத்து. முதல் வருடம் சேர்கிற எல்லா மாணவர்களும், எந்தப் பிரிவாக இருந்தாலும், கல்லூரிக்குள் இருக்கும் பத்து மரங்களின் பெயரையும் குடும்பத்தையும் தெரிந்துகொள்ளட்டும். பரீட்சை வேண்டாம், மார்க்கும் வேண்டாம்.

அதுவரை, நாளைக்குக் காலையில் உங்கள் தெருவில் இருக்கும் ஒரு மரத்திடம் நீங்களே கேட்டுப் பாருங்களேன். நீ யார் வீட்டுப் பிள்ளை?