மனைக்கல் விழுமுன் பதிவேட்டைப் புரட்டுவோம்

சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு நெடுங்காலமாக 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் வந்த அரசாணை அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் பல நூறு ஒரே கையெழுத்தில் சென்னையின் வரைபடத்துக்குள் வந்துவிட்டன. வரைபடம் வருவதற்கு முன்பே மனைக்கல் வந்துவிட்டது என்பது வேறு கதை. ஜிஎஸ்டி சாலையிலும் ஓஎம்ஆரிலும் தொடங்கிய பிளாட் வியாபாரம் இன்று மதுராந்தகம், உத்திரமேரூர் வரை கொடி கட்டி நிற்கிறது.

நகரம் விரியும்போது விவசாய நிலம் போகிறது என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் யாருடைய கையிலிருந்து எது போகிறது என்பதை நாம்தான் பேச வேண்டியிருக்கிறது. பட்டா வைத்திருப்பவருக்கு நிலம் போனாலும் கையில் பணம் வருகிறது. அதே நிலத்தில் மூன்று தலைமுறையாக நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்த குடும்பத்துக்கு என்ன வருகிறது? 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், அரசு நிலம் எடுக்கும்போது, மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்த நிலமற்ற கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. மனை வியாபாரி பேசி வாங்கும் நிலத்தில் இந்தப் பேச்சே எழுவதில்லை. பத்திரம் பதிவான அன்றே கூலி வேலை நின்றுபோகிறது. கேட்க நாதியில்லை.

அடுத்து போவது புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று அதிகாரிகள் நினைக்கிற இந்த நிலம்தான், சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவர்களின் உண்மையான சொத்து. ஆடு மாடு மேய்வது மேய்ச்சல் புறம்போக்கில். விறகும் கீரையும் கிடைப்பது ஏரிக்கரையிலும் ஓடை ஓரத்திலும். பிணம் போகும் பாதையும் அதில்தான். சுற்றுச்சுவர் எழும்பினால் முதலில் மறைவது நம் சுடுகாட்டுப் பாதை. ஓடை தூர்ந்தால், மண் கொட்டி உயர்த்திய மனைப்பிரிவிலிருந்து வழியும் மழைநீர் பள்ளத்தில் இருக்கும் காலனிக்குள்தான் வந்து நிற்கும்.

பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பித் தர வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொன்னது. இங்கே நடப்பது வேறு. 2023இல் தமிழ்நாடு சட்டமன்றம் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களில் நீர்நிலைகள் அடங்கியிருந்தாலும், அவற்றைத் திட்டத்தோடு சேர்த்து வழங்க அது வழி திறக்கிறது. ஏழை ஏரிக்கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. பெரிய திட்டம் ஏரியையே உள்ளே இழுத்துக்கொண்டால் வளர்ச்சி!

மூன்றாவதாகப் போவதுதான் நம் நெஞ்சைச் சுடுவது: பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், இந்த மண்ணின் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892இல் வந்த ஆணையின்படி நிபந்தனையோடு நிலம் தரப்பட்டது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் வரை இப்படித் தரப்பட்டதாக நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அன்று ஏக்கர் ஆயிரங்களில் விலைபோன இடத்தில் இன்று சென்ட் லட்சங்களில் போகிறது. விலை ஏற ஏற, பழைய பதிவேட்டில் உள்ள 'டிசி' என்ற இரண்டெழுத்து யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது.

'அப்படியானால் நகரம் வேண்டாமா, பழைய கிராமமே போதுமா?' என்று நம் மாணவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கிராமத்தைப் புகழ்ந்து பாட நாம் வரவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே கிராமப் பெருமையை உடைத்துப் பேசியவர். ஊர்க் குளத்தில் நமக்குத் தனித் துறை வைத்த காலத்தை நாம் மறக்கவில்லை. பேருந்தும் கல்லூரியும் கம்பெனி வேலையும் நம் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட வாசல் பெரிது. ஆனால் நம்மைத் தேடி வரும் நகரம் நம்மை உள்ளே சேர்க்கிறதா? கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கேளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளில் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். நகரம் தன் ஏழைகளை நம் பக்கம் தள்ளுகிறது, நம் ஏழைகளை இன்னும் அப்பால் தள்ளுகிறது. நாம் கேட்பது நகரத்தில் நம் பங்கு. அந்தப் பங்கின் முதல் ஆதாரம் நிலம்.

ஆகவே கோபத்தோடு கொஞ்சம் காகித வேலையும் வேண்டும். படித்த தம்பி தங்கைகள் இதைக் கையில் எடுக்கலாம். உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டை அரசின் இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் அது 1979இல் தொடங்கிய யூடிஆர் நில உடைமைப் பதிவுக்குப் பிந்தையது. அந்தப் பதிவின்போதுதான் பல இடங்களில் பெயர் மாறியதாகப் புகார். எனவே அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை, தகவல் உரிமைச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டையும் சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். மேய்ச்சல், ஓடை, சுடுகாடு, டிசி என்று எழுதியுள்ள எண்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் பொது இடமாக விட வேண்டிய 10 சதவீதம் எங்கே என்றும் கேளுங்கள்.

அந்தப் பட்டியலை கிராம சபையில் படித்து, தீர்மானமாக ஏற்றச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, ஒன்றையும் விடாதீர்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஃப்) பிரிவின்படி குற்றம் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

அரசிடம் நம் கோரிக்கை ஒன்றுதான். விரிந்த பெருநகரப் பகுதிக்குத் திட்டம் தீட்டுமுன், அதற்குள் அடங்கும் ஒவ்வொரு கிராமத்தின் பஞ்சமி நிலத்தையும் புறம்போக்கையும் அளந்து, பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். அதுவரை அந்த எண்களில் பத்திரப்பதிவும் மனை அனுமதியும் கூடாது. வீடு கட்டி ஆள் குடியேறிய பிறகு நிலத்தை மீட்பது எவ்வளவு பாடு என்று காரணை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. கல் நடும் முன்பே கேட்போம்.