தரையில் நின்றவர் செய்த குற்றம் என்ன?

2018-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி. மும்பையில் மழைக்காலம். பகல் ஒரு மணி தாண்டியிருந்தது. ஜுஹு விமான நிலையத்திலிருந்து சோதனை ஓட்டத்துக்காகக் கிளம்பிய கிங் ஏர் சி-90 என்னும் சிறிய இரட்டை எஞ்சின் விமானம், காட்கோபர் சர்வோதய நகரில், குடியிருப்புகளுக்கு நடுவே கட்டட வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் விழுந்து தீப்பற்றியது. விமானத்திலிருந்த விமானிகள் இருவரும் தொழில்நுட்பப் பணியாளர் இருவரும் மாண்டனர். தரையிலிருந்த ஒருவரும் உயிரிழந்தார்.

அது சாப்பாட்டு வேளை. கட்டட வேலையாட்கள் உணவுக்காக ஒதுங்கியிருந்தார்கள். அரை மணி முன்பின் ஆகியிருந்தால் சாரத்தின் மீதும் சிமெண்டுக் கலவையின் அருகிலும் நின்றிருக்கக்கூடிய எத்தனையோ பேரை அன்று காப்பாற்றியது விதிமுறை அல்ல. ஒரு வேளைச் சோறு.

தாழ்ந்த உயரத்தில் விமானம் 'ஸ்டால்' ஆனதும், அதிலிருந்து அதை மீட்க முடியாமற் போனதுமே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது. 'ஸ்டால்' என்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நேரலாம். இறக்கையின் மேல் காற்று வழுவழுவென்று ஓடும் வரைதான் அது விமானத்தைத் தாங்கும். வேகம் குறையக் குறைய, உயரத்தைக் காக்க விமானத்தின் மூக்கை மேலும் மேலும் தூக்க வேண்டியிருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் தூக்கினால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். பிறகு தாங்க ஒன்றுமில்லை. வளைந்து திரும்பும்போது இந்த ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும். ரயில் வேகம் குறைந்தால் தண்டவாளத்தின் மீதே நிற்கும். விமானத்துக்கு அந்த வசதி இல்லை.

பரிகாரம் உண்டு. மூக்கைத் தாழ்த்தி, எஞ்சினுக்கு விசை கொடுத்து, இழந்த வேகத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஆனால் அதற்கு உயரத்தைச் செலவழிக்க வேண்டும். பல ஆயிரம் அடி உயரத்தில் செலவழிக்க உயரம் இருக்கிறது. கூரைகளுக்குச் சற்று மேலே கையிருப்பு ஏது? தரை நெருங்குவதைக் கண்டு மூக்கை மேலே இழுக்கத்தான் மனம் துடிக்கும். அந்தத் துடிப்பே கேட்டை முற்ற வைக்கிறது.

பெரிய விமானமும் இதற்கு விலக்கல்ல. 2000-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பாட்னாவில் இறங்க வந்த அலையன்ஸ் ஏர் போயிங் 737 விமானம் இவ்வாறே வேகம் இழந்து, கர்தனிபாக் அரசு ஊழியர் குடியிருப்பின் மீது விழுந்தது. விமானத்தில் 55 பேரும் வீடுகளில் இருந்த 5 பேரும் மாண்டனர். எச்சரிக்கைக் கருவி அதிர்ந்து உணர்த்திய பிறகும், 'ஸ்டால்' நிலையிலிருந்து மீளும் முறையை விமானிகள் கையாளவில்லை என்று விசாரணை மன்றம் கூறியது. அந்த ஐவரும் பயணச்சீட்டு வாங்கியவர்கள் அல்லர். தம் வீட்டில் இருந்தவர்கள்.

மாண்ட விமானிகளைக் குறை கூறி அத்துடன் கோப்பை மூடிவிடுவது எளிது. பயன் இல்லை. பழுது பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஜுஹுவுக்கு மேற்கே அரபிக்கடல் விரிந்து கிடக்கிறது. சோதனை ஓட்டத்தைக் கூடிய மட்டும் நீரின் மீதே நடத்தினால் என்ன? மழையும் மேகமும் கவிந்த நாளில் அதை மறுநாளுக்குத் தள்ளிவைத்தால் குடியா முழுகிவிடும்? தாழ்ந்த உயரத்தில் 'ஸ்டால்' அறிகுறி கண்டவுடன் செய்ய வேண்டியதை, கை தானாகச் செய்யும்வரை விமானிகளைப் பழக்க வேண்டும். இவற்றை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடாமல் விதியாகவே ஆக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விமானப் பயணிக்கு நஷ்டஈடு வழங்க 1972-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தரையில் மாண்டவர் பயணி அல்லர். அவருக்காகக் காப்பீட்டுப் பணம் இருந்தாலும், கேட்டு வாங்க ஆதாரம் வேண்டும். ஊரை விட்டுப் பிழைக்க வந்து, மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பி வேலை செய்யும் கூலியாளின் பெயர் பல இடங்களில் மஸ்டர் ரோலில் கூட இராது. அவர் மனைவி எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? தரையில் மாண்டவரின் குடும்பத்துக்கு, வழக்கு, வாய்தா என்று அலையவிடாமல், உடனே ஒரு குறிப்பிட்ட தொகை கிடைக்கும்படி சட்டம் செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டட மனையிலும் வேலையாட்களின் பெயரை அன்றன்று பதிவு செய்வதும் கட்டாயமாக வேண்டும்.

விமானம் ஏறுகிறவர் ஆபத்தை அறிந்தே ஏறுகிறார். கீழே நடந்து போகிறவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதனாலேயே அவருக்கு அரசின் பாதுகாப்பு கூடுதலாகக் கிடைக்க வேண்டும். அடுத்த முறையும் சாப்பாட்டு மணி வந்து காப்பாற்றும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.