பாரிஸ் வீதியில் நமக்கு இடமுண்டா?

பள்ளிச் சந்தையில் முறுக்கும் எலுமிச்சைச் சாறும் விற்றுச் சேர்த்த பணத்தில் வரலாற்று மன்றத்துக்கு என்ன வாங்கலாம் என்ற கேள்வி எழுந்தது. தேசப்படங்கள் போதும் என்றனர் சிலர். மற்றவர்கள் விரும்பியதோ ஒரு கணினி விளையாட்டு! யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2014 நவம்பரில் வெளியிட்ட "அசாசின்ஸ் கிரீட்: யூனிட்டி" அது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ் நகரில் மனம்போல் உலவலாம், கூரைமீதும் ஏறலாம். வாங்குவதா, வேண்டாமா என்று மூன்று கூட்டங்களில் வாதாடிய பின் எங்களுக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறோம்.

வேண்டும் என்றவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. ஆண்டுகளை மனப்பாடம் செய்து அலுத்த நமக்கு, அந்த வீதிகளைக் கண்ணாற் காண்பது எத்துணை இன்பம்! நோத்ர தாம் பேராலயத்தை உள்ளும் புறமும் அழகுற அமைத்திருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று அப்பேராலயம் தீக்கிரையானபோது, இவ்விளையாட்டைச் சில நாள் இலவசமாகவே வழங்கினார்கள். (அப்போதே பெற்றிருந்தால் இவ்வளவு வாதமும் மிச்சமாகியிருக்கும்!) பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதை அனைவரும் அறிவோம். ஆனால் விளையாட்டில் தெரியும் ஊசிக்கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது; புரட்சிக் காலத்தவர் அதைக் கண்டதேயில்லை. தேர்வில் நாம் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

இதைக்கூடப் பொறுக்கலாம். எங்களை உறுத்தியது வேறொன்று. இவ்விளையாட்டின் நாயகன் ஆர்னோ என்னும் இளைஞன். நால்வர் சேர்ந்து ஆடும் பகுதியிலும் நால்வரும் ஆண்களே. 2014 ஜூனில் இதுபற்றிக் கேட்டபோது, பெண் பாத்திரத்துக்கு உடையும் அசைவுகளும் தனியே அமைக்க வேண்டும், அது பெரும் வேலை என்று விடை வந்தது. ஓரிரு நாளில் முடியக்கூடியதே என்று அத்துறையில் தேர்ந்த ஒருவர் உடனே மறுத்தார்.

பெண்கள் இல்லாத புரட்சியா அது? 1789 அக்டோபர் 5 அன்று ரொட்டி கேட்டுப் பாரிசிலிருந்து வெர்சேல்ஸ் வரை மழையில் நடந்து, மறுநாள் அரசனையே நகருக்கு அழைத்து வந்தவர்கள் சந்தைப் பெண்கள். பெண்ணின் உரிமைகளை 1791இல் பிரகடனமாக எழுதிய ஒலாம்ப் த கூஜ், 1793இல் தலை வெட்டப்பட்டு மாண்டார். மாராவைக் குத்திக் கொன்ற சார்லோட் கோர்டே 24 வயதுப் பெண். அச்செயலை நாங்கள் போற்றவில்லை. ஆனால் அந்தக் கொலை விளையாட்டில் ஒரு துப்பறியும் புதிராக வருகிறது. ஆணாக நின்று அவளைக் குற்றஞ்சாட்டலாம். அவளுடைய காலணியில் ஓரடி வைக்க முடியாது. எங்கள் பணத்தைக் கொடுத்து எங்களுக்கு இடமில்லாத வீதியை ஏன் வாங்க வேண்டும்?

இரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இது 18 வயது நிரம்பியோருக்கு மட்டுமே உரியது. எங்களில் பெரும்பாலோர் அவ்வயதை எட்டவில்லை. கோம்பியேன் நகரக் கார்மேல் மடத்துச் சகோதரியர் 16 பேர் 1794 ஜூலை 17 அன்று பாரிசில் பாடிக்கொண்டே கொலைமேடை ஏறினார்கள். 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைப் புனிதராக அறிவித்தார். அதே ஊரில், அதே ஆண்டுகளில், பின்னால் வந்து கழுத்தை அறுப்பதைக் கைத்திறனாகப் பழக எங்களால் இயலவில்லை. "விளையாட்டுத்தானே!" என்ற தோழியருக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

அதே நிறுவனம் 2018இல் வெளியிட்ட "டிஸ்கவரி டூர்" என்னும் பழைய எகிப்துச் சுற்றுலா உள்ளது. அதில் சண்டை கிடையாது. பிரமிடுகள், அலெக்சாந்திரியா, சவங்களைப் பதப்படுத்தும் முறை என 75 சுற்றுகள். குழந்தையாகவோ, கிளியோபாட்ராவாகவோகூட நடக்கலாம். இதையே வாங்குவதென எங்களில் பெரும்பாலோர் கை உயர்த்தினோம். மீதிப் பணத்தில் ஒரு தேசப்படமும் வருகிறது. அதைக் கேட்டவர்களின் கோபம் சற்றே தணிந்திருக்கிறது.