எழுதாத நிபந்தனையைக் காட்டி இழப்பீடு மறுப்பு: கண்டன அறிக்கை

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கடல் கடந்து வாழ்ந்து, முதுமையில் ஊருக்கு வந்து போகிறவர்கள் எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். அவர்களில் ஒருவருக்கும், அவர் ஓட்டிய கார் மோதிக் காயமடைந்த தொழிலாளி ஒருவருக்கும் ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனம் இழைத்துள்ள அநீதியைச் சங்கம் கண்டிக்கிறது.

எங்கள் உறுப்பினருக்கு வயது 73. பிறந்தது பத்தமடை, வாழ்வது பினாங்கு. தை அமாவாசையன்று பாபநாசம் படித்துறையில் பெற்றோருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, அக்காளை ஏற்றிக்கொண்டு, அக்காள் மகனின் காரில் பத்தமடை திரும்பினார். காரை அவரே ஓட்டினார். வீரவநல்லூரைத் தாண்டி, சேரன்மகாதேவி வருவதற்கு முன், வயலை ஒட்டிய வளைவில் கார் ஒரு சைக்கிளில் மோதி, வாய்க்கால் மதகுச் சுவரில் இடித்து நின்றது. சைக்கிளில் வந்த விவசாயக் கூலித் தொழிலாளிக்கு வலது கால் எலும்பு முறிந்தது. உறுப்பினருக்கு மணிக்கட்டு முறிந்தது.

அவர் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை தொழிலாளியின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். காரை ஓட்டியது தானே என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பொறுப்பை அவர் இன்றுவரை மறுக்கவில்லை.

அன்று அவரிடம் நடப்பிலுள்ள மலேசிய ஓட்டுநர் உரிமம் இருந்தது. அந்நாட்டில் வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகமும் இருந்தது. சாம்பல் நிற அட்டை, உள்ளே புகைப்படம், அதன் மேல் முத்திரை. ஓராண்டுக்குச் செல்லும் அந்த அனுமதியில் ஏழு மாதம் மீதம் இருந்தது. காரின் பாலிசி உயிரோடு இருந்தது. பிரீமியம் ஒரு ரூபாய்கூடப் பாக்கி இல்லை.

சேதத்தைப் பார்க்க ஒர்க்ஷாப்புக்கு வந்த சர்வேயர் முதலில் காரைப் பார்க்கவில்லை. "இந்த வயசுல இங்க வந்து எதுக்கு வண்டி ஓட்டுறீங்க?" என்று கேட்டார். கட்டுப் போட்ட கையோடு நின்ற உறுப்பினர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் அக்காளும், ஒர்க்ஷாப் பையன்களும், எங்கள் சங்கச் செயலாளரும் உடன் இருந்தார்கள்.

இழப்பீடு மறுக்கப்பட்டதாகப் பின்னர் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி. ஓட்டுநர் 70 வயதைக் கடந்தவர் என்பது ஒரு காரணம். உரிமம் இந்தியாவில் வழங்கப்பட்டதல்ல என்பது இன்னொன்று.

பாலிசியில் ஓட்டுநர் பற்றிய பத்தி ஒன்றுதான் உண்டு. காரை ஓட்டுகிறவர் விபத்தின்போது செல்லத்தக்க உரிமம் வைத்திருக்க வேண்டும், உரிமம் பெறத் தகுதியிழந்தவராக இருக்கக் கூடாது என்கிறது அது. உரிமையாளரோ வேறு எவரோ ஓட்டலாம். வயது பற்றி அதில் ஒரு சொல் இல்லை. குடியுரிமை பற்றியும் இல்லை. பிரீமியம் வாங்கிய நாளில் இந்தக் கேள்விகளை நிறுவனம் கேட்கவில்லை.

இந்தியாவில் வாகனக் காப்பீடு வண்டியைச் சேர்ந்தது. ஓட்டுநரின் வயதைக் கணக்கிட்டுப் பிரீமியம் போடும் நாடுகள் உண்டு. அங்கே முதியவர் கூடுதலாகச் செலுத்துகிறார், அதற்கான காப்பைப் பெறுகிறார். இங்கே வயதுக்காக எதையும் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு, விபத்துக்குப் பிறகு வயதை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்துக்குக் கீழ் வயதை விதிக்கிறது. மேல் வயதை விதிக்கவில்லை. 55 வயதைக் கடந்தவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்று தர வேண்டும். இதன்படி 75 வயதிலும் உரிமம் வைத்திருப்பவர்கள் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் கார் ஓட்டுகிறார்கள். இதே நிறுவனத்தின் பாலிசி அவர்களிடமும் இருக்கிறது. 70 வயது என்னும் கோட்டைச் சட்டம் போடவில்லை, பாலிசியும் போடவில்லை. நிறுவனம் போட்டது, அதுவும் விபத்துக்குப் பின் போட்டது.

1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்துள்ளது, மலேசியாவும் சேர்ந்துள்ளது. அனுமதிப் புத்தகம் அந்த உடன்படிக்கையின் கீழ் வழங்கப்பட்டது. காவல் துறை அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. அரசு ஏற்ற ஆவணத்தை நிறுவனம் ஏற்கவில்லை.

தொழிலாளியின் இழப்பீட்டு மனு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் உள்ளது. அங்கே தாக்கல் செய்த எதிருரையிலும் நிறுவனம் இதே இரு காரணங்களைச் சொல்லியிருக்கிறது. எங்கள் உறுப்பினருக்கு நேர்ந்ததைவிட இதையே நாங்கள் பெரிதாகக் கருதுகிறோம். மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு கட்டாயமாக்கியது வண்டி வைத்திருப்பவருக்காக அல்ல. சாலையில் போகிறவருக்காக. உரிமத்தில் குறை இருந்தாலும், உரிமையாளர் அறிந்தே நிபந்தனையை மீறினார் என்பதை நிறுவனம்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குறை இருக்கும் வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும் முறை நடப்பில் உள்ளது. இங்கே உரிமத்தில் குறையே இல்லை.

பிசான நெல் அறுவடைக்கு அந்தத் தொழிலாளி போகவில்லை. கால் தரையில் ஊன்றவில்லை. யாருடைய வயதும் எந்த நாட்டு உரிமமும் அவர் செய்த பிழை அல்ல.

எழுதியிருக்கும் நிபந்தனையை நாங்கள் மறுக்கவில்லை. உரிமையாளரே ஓட்டினால் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, இரவல் வாங்கி ஓட்டுகிறவரைச் சேராது. அதனால் எங்கள் உறுப்பினர் தன் மணிக்கட்டு வைத்தியச் செலவைக் கேட்கவில்லை. அனுமதிப் புத்தகம் இல்லாமல் ஓட்டியவருக்காகவும், அதன் காலம் முடிந்த பிறகு ஓட்டியவருக்காகவும் இச்சங்கம் ஒருநாளும் பேசியதில்லை, பேசாது.

மறுப்புக் கடிதத்தை நிறுவனம் திரும்பப் பெற வேண்டும். தீர்ப்பாயத்தில் சொன்ன இரு காரணங்களையும் கைவிட வேண்டும். சர்வேயரின் கேள்விக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். எங்கள் உறுப்பினரின் அக்காள் படிக்கக்கூடிய தமிழில் அது இருக்க வேண்டும்.

அக்காள் மகனின் பெயரில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மனு கொடுக்கப்பட்டுள்ளது. 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் அவர் முறையிடுவார். பாலிசியின் நகலும், அனுமதிப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகலும் அதில் இணைக்கப்படும். தொழிலாளியின் வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் எங்கள் உறுப்பினர் பினாங்கிலிருந்து வந்து, அவர் தரப்பில் சாட்சி சொல்வார். பயணச்சீட்டுச் செலவைச் சங்கம் ஏற்கிறது.