மூடி போட்ட ஒரு தகர டின்



குன்னூர் ரயில் நிலையத்தில் நீராவி எஞ்சின் வந்து நின்றதும் கூட்டம் புகையைப் பார்க்கும், பல்சக்கரத்தைப் பார்க்கும். என் கண் எஞ்சின் ஊழியரின் கைக்குத்தான் போகும். ஒரு பிடி கழிவுப் பஞ்சால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருப்பார். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய ரயில் இது. எண்ணெய்க் கையும் அதைத் துடைக்கும் பஞ்சும் இல்லாமல் நீராவி எஞ்சின் ஏது?

இன்று நம் பட்டறைகளில் அந்த வேலையைச் செய்வது திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துண்டு. ‘வேஸ்ட்’ என்றால் மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் புரியும். மூட்டை மூட்டையாக மலையேறி வருகிறது. கிரீஸும் டீசலும் தின்னரும் குடித்த பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

போன மழைக்காலத்தில் வண்டியைப் பழுது பார்க்க விட்டிருந்தேன். பாதியாக வெட்டிய டிரம்மில் அழுக்கு வேஸ்ட் எரிந்துகொண்டிருந்தது. சுற்றி நின்று நான்கு பேர் குளிர் காய்ந்தார்கள். “இந்தக் குளிருக்கு வேற என்னங்க சார் பண்றது?” என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் பழைய எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும். அந்தக் கரும்புகை அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது. பக்கத்தில் பெட்ரோல் நனைந்த துணி கிடந்தால் ஆபத்து இன்னும் பெரிது. ஊட்டியில் உறைபனி விழும் விடியற்காலையிலும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். நம் ஊர்க் குளிர் அதற்குக் குளிரே அல்ல.

தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தேயிலை எந்த வாசனையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். டிரையர் அடுப்பில் எண்ணெய்த் துணியைப் போட்டு, அடுப்புக் குழாயில் ஓட்டையும் இருந்துவிட்டால், புகை தூளில் ஏறிவிடும். டீ டேஸ்டரின் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

பழைய பங்களாக்களில் மரத்தளத்துக்கும் கதவுக்கும் மெருகேற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லின்சீட் ஆயில் என்று கடையில் கேட்டு வாங்கும் ஆளிவிதை எண்ணெய், காயும்போது காற்றோடு சேர்ந்து சூட்டைக் கிளப்பும். துணியைச் சுருட்டிக் குவித்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி உரசாமலே அது பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் இப்படித்தான் தீ கிளம்பியது. மெருகு வேலை பார்த்தவர்கள் 22-ஆவது மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணிதான் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணியை ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயப்போடலாம். நம் மூடுபனியில் அது எங்கே காயும்? தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் அமிழ்த்தி மூடி வைப்பதே நல்லது. அடுப்புக்கு மேல் கொடியில் மட்டும் போடாதீர்கள்.

ஓடையில் அலசுவதும் கூடாது. நம் ஓடைகள் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகின்றன. மாயாறும் பவானிசாகரில் பவானியோடுதான் சேர்கிறது. நாம் அலசிவிடும் எண்ணெய் கீழே ஈரோட்டுச் சீமைக்குப் போகும் தண்ணீரில் கலக்கிறது.

எண்ணெய்க் கறை படிந்த துணியை 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அபாயக் கழிவு என்றே பட்டியலிடுகின்றன. பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சிமென்ட் சூளையின் பெருவெப்பத்தில் முறைப்படி எரிக்க வழியிருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு இது சாத்தியம். மாதம் ஒரு மூட்டை சேரும் சின்னப் பட்டறை யாரைத் தேடிப் போகும்? நகராட்சியும் பட்டறைக்காரர் சங்கங்களும் சேர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒரு நாள் வண்டி அனுப்பி மொத்தமாக எடுத்துப்போக ஏற்பாடு செய்ய வேண்டும். பிளாஸ்டிக் பைகளை நம் நீலகிரி மாவட்டம் தடை செய்தபோதும் முடியாது என்றுதான் பலர் சொன்னார்கள்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை வண்டியை விடும்போது, பட்டறையில் மூடி போட்ட தகர டின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்