பாடம் சொன்னவன் எடுத்துக்கொண்ட கூலி

பிலிப்பைன்ஸ் மக்களுக்கு ஆங்கிலம் கற்பித்துக் கரையேற்றியது அமெரிக்கா என்று இன்றும் சிலர் பெருமை பேசுகிறார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

காடும் கனிமமும் தென்னையும் கரும்பும் செழித்த தீவுகள் அவை. 1899-ல் சுதந்திரம் கேட்ட அம்மக்கள் மீது அமெரிக்கப் பட்டாளம் பாய்ந்தது. யுத்தம் ஓயுமுன்பே, 1901 ஆகஸ்டில், ‘தாமஸ்’ என்ற பட்டாளக் கப்பல் சுமார் 500 ஆசிரியர்களை மணிலாவில் இறக்கியது. பொதுப் பள்ளிகளில் ஆங்கிலமே போதனை மொழி என்று அதே ஆண்டில் சட்டமும் போட்டார்கள்.

அந்த ஆசிரியர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், நாம் மறுக்கவில்லை. அனுப்பியவனின் நோக்கம் என்ன? 1946-ல் சுதந்திரம் கொடுத்த கையோடு ‘பெல் வர்த்தகச் சட்டம்’ வந்தது. நிலத்திலும் காட்டிலும் சுரங்கத்திலும் அமெரிக்க முதலாளிக்குச் சம உரிமை கொடு என்று நிர்ப்பந்தித்தது. 1974 வரை அந்த உரிமை நீடித்தது. இதுதான் பாடம் சொன்னதற்குக் கூலி!

இன்று அந்நாட்டு இளைஞர்கள் இரவெல்லாம் கண்விழித்து, அமெரிக்க வாடிக்கைக்காரனுக்கு டெலிபோனில் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். கரும்பு வெட்டும் கூலிகளில் பலருக்கோ இன்னும் காணி நிலமில்லை.

தோழர்களே! ஆங்கிலம் நமக்குப் பகையல்ல. எந்த மொழியையும் பாட்டாளி கற்கட்டும். ஆனால், பாடம் சொல்ல வந்த கப்பல் திரும்பும்போது எதை ஏற்றிப் போகிறது என்று பார்க்க வேண்டாமா?