7,800 கி.மீ. பறக்க 13 மணி நேரமா? வானத்தைப் பூட்டினா யார் பணம் கட்டுறது?

பின்லாந்தின் ஹெல்சின்கியில் இருந்து ஜப்பானின் டோக்கியோ எவ்வளவு தூரம்? நேர்கோட்டில் சுமார் 7,800 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வகுத்துப் பார்த்தா, ஒன்பது மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

2022 பிப்ரவரி வரை இந்தக் கணக்கு ஓரளவு சரியாத்தான் இருந்துச்சு. ஏறி, இறங்கும் நேரத்தையும் சேர்த்தா ஒன்பதரை மணி நேரம் போல ஆகும். அதன்பிறகு? சுமார் 13 மணி நேரம்.

ரெண்டு ஊரும் இருந்த இடத்துலயேதான் இருக்கு. அப்போ மாறினது எது?

நடுவுல ரஷ்யா

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், 2022 பிப்ரவரி 27-ம் தேதி ஐரோப்பிய யூனியன் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடுவதாக அறிவித்தது. மறுநாளே, 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு ரஷ்யா தடை போட்டது.

ஹெல்சின்கி டு டோக்கியோ குறுக்கு வழியே சைபீரியாதான். அது போனதும், பின்லாந்தின் ஃபின்ஏர் விமானங்கள் வடதுருவம் வழியாகவோ, தெற்கே இறங்கி மத்திய ஆசியா வழியாகவோ சுத்த வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னன்னா, 1983-ல் சோவியத் வானத்தைத் தவிர்க்க ஃபின்ஏர் பறந்ததும் இதே துருவ வழியில்தான்!

அதே நேரம், தடைப் பட்டியலில் இல்லாத சீன விமானங்கள் ரஷ்யா மேல பறந்து ஐரோப்பாவுக்குச் சீக்கிரமே போய்ச் சேருது.

சட்டம் என்ன சொல்லுது?

1944 சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டு நிலத்துக்கு மேல இருக்கும் வான்வெளி முழுக்க அந்த நாட்டுக்கே சொந்தம். ஆக, மூடுறது அவங்க உரிமை.

ஆனா, எல்லா மூடலும் ஒண்ணு இல்ல. 2014-ல் கிழக்கு உக்ரைன் மேல எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அப்படி ஆபத்து இருக்கும் வானத்தை மூடியே ஆகணும். எதிராளி நாட்டு விமானம் என்பதற்காக மட்டும் மூடுவது வேற கதை. அங்கே பயணிகள் விமானம் ஆயுதமாகிவிடுகிறது.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்ல. 2025 ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானத்தை மூடியது. சில நாளில் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. டெல்லியில் இருந்து அமெரிக்கா போன சில ஏர் இந்தியா விமானங்கள், வழியில் வியன்னாவில் எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது.

பில் யாருக்கு?

கூடுதல் நேரம்னா கூடுதல் எரிபொருள், கூடுதல் புகை, விமான ஊழியர்களுக்குக் கூடுதல் வேலை. முடிவெடுப்பது அரசுகள், விலை கொடுப்பது, அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத பயணியும் ஊழியரும். பேச்சுவார்த்தை மேசையில் முதலில் திறக்க வேண்டிய கதவு வானமாக இருக்கட்டும்.

அதுவரைக்கும், வெளிநாட்டு டிக்கெட் போடும்போது கிலோமீட்டரை நம்பாதீங்க. பயண நேரத்தையும், விமானம் எந்த வழியாப் போகுதுங்கிறதையும் பாருங்க. 'இந்த விமானம் சுத்திப் போகுது, இவ்வளவு நேரம் கூடும்'னு புக்கிங் செயலிகளும் வெளிப்படையாச் சொல்லணும். காசு வாங்குறவங்க இதையாவது செய்யலாமே!